சங்கத்தில் இல்லாதவள் எடுத்த படம்

கல்யாணத்துக்கு போட்டோ எடுப்பது என் தொழில். தென்காசியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடியறைதான் என் ஸ்டூடியோ. பெயர்ப்பலகை கிடையாது. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார், அப்புறம் எங்கே பலகை மாட்டுவது. அந்தப் பலகை இல்லாத காரணத்தால்தான் எங்கள் பக்கத்துப் போட்டோகிராபர்கள் சங்கத்தில் எனக்கு இடம் இல்லை. கடையும் பலகையும் இருப்பவர்தான் உறுப்பினராக முடியும் என்பது அவர்கள் விதி.

விதி என்றால் விதிதான் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி யாரும் சொல்லவில்லை. செயலாளர் தங்கமான மனுஷர். எப்போது கேட்டாலும், வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்கும் ஒரு வழி பண்ண வேண்டும், அடுத்த கூட்டத்தில் பேசுகிறோம் என்பார். அடுத்த கூட்டம் வரும், போகும். மறுபடி கேட்டால் மறுபடி அடுத்த கூட்டம். அந்தச் சங்கத்தில் இதுவரை ஒரு பெண்கூட இல்லை என்பதை மட்டும் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து என்ன, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குக்கர் மேல் காட்டுவேன்.

ஆரம்பத்தில் நானும் சங்கத்தை இளக்காரமாகத்தான் நினைத்திருந்தேன். ஆண்டு விழா வைப்பார்கள், ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வார்கள், குரூப் போட்டோ எடுத்துக் கலைவார்கள், அவ்வளவுதானே என்று. தொழிலில் தனியாக நின்று அடிபட்ட பிறகுதான் கண் திறந்தது. உறுப்பினர் ஒருவர் பஸ்ஸில் கேமரா பையைப் பறிகொடுத்தபோது, அன்று சாயங்காலமே ஒருவர் கேமராவும் ஒருவர் லென்சும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்னொருவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது, அவர் ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களையெல்லாம் மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்துக் கொடுத்தார்கள். புதுக் கேமரா வந்தால் கம்பெனிக்காரர்களே வந்து உறுப்பினர்களுக்கு வகுப்பு எடுப்பார்கள். நான் அதே விஷயத்தை யூடியூபில், பாதி புரியாத இந்தியில், ஒரு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வேன். திறமை என் கையில் இருக்கிறது, அது போதும் என்று பேசித் திரிந்தவள் நான். திறமைக்குக் காய்ச்சல் வந்தால் யார் போவார்கள் என்று யோசிக்கவில்லை.

அவர்களிடம் இருக்கும் ஏற்பாடுகளிலேயே எனக்குப் பெரிய பொறாமை ஒன்றின் மேல்தான். அதை 'ஸ்பேர்' என்பார்கள். பெரிய முகூர்த்த நாட்களில் எல்லாருக்கும் வேலை இருக்கும். அப்படிப்பட்ட நாளில் வேண்டுமென்றே ஒருவரை மட்டும் எந்தக் கல்யாணமும் ஒத்துக்கொள்ளாமல் வைத்திருப்பார்கள். பேட்டரியெல்லாம் சார்ஜ் போட்டு, கேமராவும் லைட்டுமாக அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் யாருக்காவது கேமரா மக்கர் பண்ணினாலோ, வண்டியிலிருந்து விழுந்தாலோ, ஒரு போன் போதும், அவர் போய் நிற்பார். அவருடைய அன்றைய கூலியை எல்லாரும் சேர்ந்து கொடுத்துவிடுவார்கள். சும்மா இருப்பதற்கு ஒரு ஆள் வைக்கிற அளவுக்கு இந்தத் தொழிலைப் புரிந்துவைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். கல்யாணத்தில் தவறவிட்டதை மறுநாள் போய் எடுக்க முடியாது இல்லையா.

போன ஆனி மாதம் குற்றாலத்தில் ஒரு கல்யாணம் எனக்கு வந்தது. பெண் புளியங்குடிக்காரி. அவளுடைய அப்பா அங்கே எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருந்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் கட்டிலோடு கிடந்தார். டாக்டரிடம் கெஞ்சி, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் அவரை அழைத்துப்போக அனுமதி வாங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார், போட்டோவெல்லாம் பெண் வீட்டுப் பொறுப்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பெண் என் மாடியறைக்கு வந்து, மாதிரி ஆல்பம் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

"மத்த போட்டோ எப்படி வந்தாலும் பரவால்லக்கா. தாலி கட்டும்போது அப்பா எம்பக்கத்துல நிக்கணும், அவங்க கை எந்தலையில இருக்கணும். அந்த ஒரு படம் போதும். அப்பா அதைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்றாள்.

அது என்னம்மா பெரிய விஷயம் என்று நான் சொன்னேன். உண்மையிலேயே பெரிய விஷயம் இல்லை. எத்தனையோ தாலிகளுக்கு எடுத்த படம்தான்.

என்னோடு எப்போதும் வருகிறவள் கடையத்தில் இருக்கும் என் தோழி. அவள் வீடியோ எடுப்பாள். நான் பெண்ணோடு அலங்கார அறையில் இருக்கும்போது மேடையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவளுக்கு எழுந்து நிற்க முடியாத அளவுக்குக் காய்ச்சல். அவள் அம்மாதான் போனில் சொன்னார். நான் திருநெல்வேலி, சங்கரன்கோவில், செங்கோட்டை என்று எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் போன் போட்டேன். மறுநாள் பெரிய முகூர்த்தம், எல்லாரும் ஏதோ ஒரு கல்யாணத்தை ஒத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டுச் சங்கத்துச் செயலாளரைக் கூப்பிட்டு, ஸ்பேரில் இருக்கிறவரை அனுப்பமுடியுமா என்று கேட்டேன்.

அவர் ரொம்ப நேரம் உச்சுக்கொட்டினார். முன்பு ஒரு தடவை ஸ்பேரில் இருந்தவர் இரக்கப்பட்டு வெளியாள் ஒருத்தருக்குப் போனாராம். அதே நேரத்தில் உறுப்பினர் ஒருவர் ஆக்சிடெண்டில் மாட்டி, அவர் எடுக்க வேண்டிய கல்யாணம் போட்டோவே இல்லாமல் முடிந்ததாம். பெண் வீட்டார் கடைக்கே வந்து ரகளை பண்ணியிருக்கிறார்கள். அதற்கப்புறம் உறுப்பினர் தவிர யாருக்கும் கிடையாது என்று கண்டிப்பாக முடிவுபண்ணியிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் என் விஷயத்தைக் கட்டாயம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அநியாயம் என்றால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம்.

வீடியோ இருக்காது என்று பெண்ணிடம் சொன்னேன். பரவாயில்லை, அப்பா படம் இருக்கும் இல்லையா என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

காலையில் குற்றாலம் போய் இறங்கும்போது சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. சீசன் கூட்டம். எண்ணெய் வழியும் உடம்பும் தோளில் ஈரத்துண்டுமாக ஆட்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு அருவிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மண்டபம் மூன்று பக்கம் திறந்தது. உள்ளே வந்து போகும் காற்றிலேயே தண்ணீர் இருந்தது. அதற்கு நேர் எதிரே ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் ஒரு அண்ணாச்சி, மடியில் கேமரா பையை வைத்துக்கொண்டு, அதன் மேல் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். கீழப்பாவூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். முகம் பழக்கம். அன்றைக்குக் குற்றாலத்து மண்டபங்களில் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்ததால், ஸ்பேர் ஆளை அங்கேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

நேரே அவரிடம் போய்விட்டேன். பெண்ணின் அப்பா விஷயத்தைச் சொன்னேன். தாலி கட்டும் நேரம் மட்டும் மேடையில் நில்லுங்கள், போன் வந்தால் அந்த நிமிஷமே போய்விடுங்கள் என்றேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அன்று கெஞ்சினேன். அவர் எழுந்தேவிட்டார். மண்டபத்தைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், திரும்ப உட்கார்ந்தார்.

"என்னையத் தப்பா நெனைக்காத தங்கச்சி. போன் வந்தா மேடையில பாதியில உட்டுட்டு எறங்கவும் முடியாது. எறங்காட்டா நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஒரு பய வரமாட்டான்" என்றார்.

எனக்கு ஒரு டீ சொன்னார். நான் குடிக்கவில்லை. கிளம்பும்போது, ஏசி ரூமிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுக்காதே, இன்றைக்கு இருக்கிற ஈரத்துக்கு லென்ஸ் மூடிக்கொள்ளும் என்று எச்சரித்தார். தெரியும் என்றேன். குற்றாலத்தில் தொழில் செய்கிற யாருக்கும் அது தெரியும்.

பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறவர்கள் அலங்கார அறையை ஏசி போட்டுக் குளிர்பெட்டியாகத்தான் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பூசியதெல்லாம் வழிந்துவிடும். அங்கே சில்லிட்டுப்போன லென்சை வெளியே கொண்டுவந்தால் உடனே வெள்ளையாகப் பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். கால் மணி நேரமாவது ஆகும் தெளிய. அதனால் முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்னாடியே வெளியே வந்துவிடுவது என் வழக்கம். இல்லாவிட்டால் தோழி மேடையில் வைத்திருக்கும் கேமராவை வாங்கிக்கொள்வேன். ஒரு கேமராவை நீயே மேடையில் வைத்துவிட்டு அறைக்குப் போயிருக்கலாமே என்று பிறகு பலபேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். குற்றாலத்துக் குரங்கைப் பார்க்காதவர்கள் சொல்கிற புத்தி அது. அன்று காலை மேடையிலிருந்த வாழைப்பழச் சீப்பையே அவை தாம்பாளத்தோடு இழுத்துக்கொண்டு போயிருந்தன. காவலுக்கு ஆள் இல்லாமல் எதை அங்கே வைப்பது.

நேரம் இருக்கிறது என்று நான் பெண்ணின் சடைநாகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய மாமா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். அப்பாவைக் கொண்டுவந்துவிட்டார்களாம். அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லையாம், மூச்சு வாங்குகிறதாம். நல்ல நேரம் தொடங்கிவிட்டது, இப்போதே கட்டிவிடலாம் என்று ஐயரும் சொல்லிவிட்டாராம். பெண் எழுந்து ஓடாத குறையாகப் போனாள். நான் இரண்டு கேமராவையும் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மேடைக்கு வந்து முதல் கேமராவைக் கண்ணில் வைத்தேன். வெள்ளை. மற்றதை வைத்தேன். அதுவும் வெள்ளை. முந்தானையால் துடைத்தேன், தெளிந்தது, கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் மூடிக்கொண்டது. தாலித் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. அப்பா சக்கர நாற்காலியில் பெண்ணுக்குப் பின்னால் இருந்தார். எலும்பும் தோலுமாக, புதுச் சட்டைக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கத்தலாமா என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த மனுஷரை வைத்துக்கொண்டு யாரைப் பொறுக்கச் சொல்வது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே துடைத்தேன்.

கெட்டிமேளம் தொடங்கியதும் அவர் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். அப்படிச் செய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மகள் தலையில் கையை வைத்தார். முழங்காலிலிருந்து முகம்வரை அவர் உடம்பு நடுங்கியது. நான் கேமராவை விட்டுவிட்டு இடுப்பிலிருந்த செல்போனை எடுத்து, அதையும் துடைத்து, ஒரே ஒரு படம் எடுத்தேன். அதற்குள் அட்சதை பறந்தது, எல்லாரும் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். அவர் நாற்காலியில் சரிந்துவிட்டார். மாமாக்கள் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் ஏற்றினார்கள். என் கேமராக்கள் அதற்கப்புறம் தெளிந்தன. மாப்பிள்ளை மெட்டி போடுவதும், அம்மி மிதிப்பதும், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தைகளும் கண்ணாடி போல வந்தன.

செல்போன் படத்தைக் கழிப்பறைக்குள் போய் நின்று பார்த்தேன். மழை இருட்டு, வீடியோ லைட் இல்லாத மேடை, நடுங்குகிற மனுஷர். பெண்ணின் முகம் ஓரளவுக்குத் தெரிந்தது. அவள் தலையில் இருந்த கை கலங்கலாகத் தெரிந்தது. அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இழுவல். கண், மூக்கு, வாய் ஒன்றும் இல்லை. கேமராவும் ஃபிளாஷும் இருந்திருந்தால் அந்த நடுக்கம் படத்தில் தெரிந்தே இருக்காது.

மத்தியானம் வெளியே வந்தபோது அண்ணாச்சி அதே பெஞ்சில் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. நான் கேட்காமலே சொன்னார்.

"இன்னைக்கு ஒருத்தனும் கூப்பிடல தங்கச்சி. காலையிலேருந்து சும்மாதான் இருக்கேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாட்களில் கல்யாணத்துக்கு வந்த உறவினர்களிடமெல்லாம் செல்போன் படங்களைக் கேட்டு வாங்கினேன். யாரோ ஒரு பெரியப்பாவின் தோள், யாரோ ஒருத்தியின் கொண்டைப் பூ, தூக்கிப் பிடித்த செல்போன்கள், அதற்கு நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். அப்பாவை ஒருவரும் எடுக்கவில்லை. தலையில் வைத்த கை மட்டும் ஒரு படத்தின் ஓரத்தில் இருந்தது. என் படத்தைச் சரிசெய்ய கம்ப்யூட்டரில் என்னென்னவோ செய்துபார்த்தேன். இப்போதுதான் எல்லாவற்றுக்கும் ஏஐ வந்துவிட்டதே, அதிலும் போட்டுப் பார்த்தேன். அது அந்த இழுவலை அழித்துவிட்டு, ஆரோக்கியமான ஒரு பெரியவரின் முகத்தைக் கொண்டுவந்து வைத்தது. நல்ல முகம்தான். அவருடையது இல்லை.

நடந்ததைப் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். பனி, லென்ஸ் எல்லாம் சொன்னேன். அவள் அதற்குள் புருஷனோடு பெங்களூர் போயிருந்தாள்.  எப்படி இருந்தாலும் பிரிண்ட் போட்டு அப்பாவிடம் காட்டிவிடுங்கள், போட்டோ வந்துவிட்டதா என்று தினமும் அம்மாவிடம் கேட்கிறார்களாம் என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் சங்கத்துக் கூட்டம் ஒன்று நடந்தது. கீழப்பாவூர் அண்ணாச்சி எழுந்து என் பெயரைச் சொல்லிச் சண்டையே போட்டாராம். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடித்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் நான் சங்கத்தில் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிற பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால், கேமரா வாங்குவதற்கு முன்னால் ஒரு கடைச்சுவரில் பலகை மாட்ட இடம் பாருங்கள், முதலில் சங்கத்தில் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். அவர்கள் நான் வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிக்கிறார்கள்.

ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகிற வழியெல்லாம், பனியைப் பற்றிப் பெண்ணின் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது. படத்தை வாங்கி, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ஆடிட்டேன் போலுக்கேம்மா. நின்ன எடத்துல ஒழுங்கா நிக்கத் தெரியல எனக்கு. நீ பாவம், இம்புட்டுத் தூரம் வந்து எடுத்த, நான்லா கெடுத்துட்டேன்."

இல்லை அய்யா, நீங்கள் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். லென்ஸ், ஏசி என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையை அசைத்து என்னைத் தடுத்தார். எலுமிச்சைக் கடையில் அத்தனை வருஷம் வியாபாரிகளைச் சமாதானப்படுத்தியவர், என்னையும் சமாதானப்படுத்தினார். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, மகளிடமும் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார். அவர் மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் அவர் என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துக் கேட்டார்.

"கேமரா கொண்டாந்திருக்கல்லா? இன்னொரு தடவ எடுப்பமா? இந்தத் தடவ ஆடாம இருக்கேன்."

 கேமராவை வெளியே எடுத்தேன். அவர் மனைவியைத் தலை வாரிவிடச் சொன்னார், மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார். வலது கையைத் தூக்கினார். பிள்ளை மணையில் உட்கார்ந்துதானே இருந்தாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைக் கொஞ்சம் தாழ்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. அவர் ஆடவே இல்லை.

முகம், கண், கையிலிருந்த ஊசித் தழும்புகள்வரை அந்தப் படத்தில் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. கைக்குக் கீழே மட்டும் யாரும் இல்லை.